தண்டவாளம் அகற்றப்பட்ட தடத்தில்: சிங்கப்பூர் ரயில் காரிடாரில் பழைய ரயிலைத் தேடுவது எப்படி?

தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை மலேசிய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை ஓடிய 24 கிலோமீட்டர் நிலம், 2011 ஜூலை 1 அன்று சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. ரயில் காரிடார் என்று அழைக்கப்படும் அந்த நிலத்தில் இப்போது ஸ்பூனர் ரோட்டிலிருந்து கிராஞ்சி எம்ஆர்டி (நகர விரைவு ரயில்) நிலையம் வரையிலான 21 கிலோமீட்டரை இடையில் அறுபடாமல் நடந்தே கடக்கலாம். வெறுமனே நடப்பதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை, பெயர்ப்பலகைகளே போதும். ஆனால் இங்கே ஓடிய ரயிலின் மிச்சங்களைப் பார்க்க வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள். தண்டவாளங்களில் பெரும்பகுதி 2011ஆம் ஆண்டு முடிவதற்குள் கழற்றப்பட்டுவிட்டது. பிறகு பாதை செப்பனிடப்பட்டு, புல் வளர்க்கப்பட்டு, பூங்காவாகிவிட்டது. எது பழையது, எது புதியது, எது பழையதுபோல் செய்யப்பட்டது என்று பிரித்துக் காட்ட அங்கே யாரும் இல்லை. அந்தக் குழப்பத்தில் நான் செலவிட்ட நேரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்பதற்காக இந்தக் குறிப்புகளை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. எந்தப் பாதையைத் தேடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சிங்கப்பூரில் கைவிடப்பட்ட ரயில் பாதை ஒன்றல்ல. இந்தத் தேடலுக்கு முக்கியமானவை மூன்று. 1903இல் திறக்கப்பட்ட முதல் பாதை நகருக்குள் டேங்க் ரோட்டிலிருந்து புறப்பட்டு, நியூட்டன், குளூனி ரோடு வழியாகப் புக்கிட் தீமா சென்று வடக்கே போனது. 1932இல் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டபோது, புக்கிட் தீமாவுக்குத் தெற்கே அந்தப் பாதை கைவிடப்பட்டு, மேற்கே தள்ளிப் புதிய தடம் போடப்பட்டது. இன்றைய ரயில் காரிடாரின் தென்பாதி இந்த 1932ஆம் ஆண்டுத் தடம்தான். மூன்றாவது, 1960களின் நடுவில் புக்கிட் தீமாவிலிருந்து ஜூரோங் தொழிற்பேட்டைக்குப் பிரிந்த சரக்கு ரயில் கிளை.

ஆகவே, "1903ஆம் ஆண்டு ரயிலின் மேல் நடக்கிறோம்" என்று எண்ணிக்கொண்டு, 1932இன் தடத்திலுள்ள புவன விஸ்தாவில் நிற்பது பொருந்தாது. தெற்கில் 1903இன் தடத்தைத் தரையில் தேடிப் பயனில்லை. நகரம் அதை முழுவதுமாக மூடிவிட்டது. தண்டாயுதபாணி கோவில் இருக்கும் டேங்க் ரோட்டில்தான் முதல் முனையம் இருந்தது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டு, கோவிலுக்குப் போகும்போது அந்தச் சாலையை ஒருமுறை நின்று பார்த்தால் போதும். உங்கள் நேரத்தை 1932இன் தடத்துக்கும், உள்ளபடியே ஆர்வம் மிஞ்சினால் ஜூரோங் கிளைக்கும் ஒதுக்குங்கள்.

2. புறப்படும் முன் வரைபடங்களைத் திரட்டுங்கள்

வீட்டில் செய்யும் இந்த வேலைக்கு ஓரிரு மாலைப்பொழுதுகள் பிடிக்கும்; காசு செலவில்லை. இதைச் செய்யாமல் போனால் தடத்தில் மரங்களையும் மிதிவண்டிகளையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

கணினியில் கூகுள் எர்த் புரோ செயலியை நிறுவி, பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் வசதியைத் திறந்து, 2011க்கு முந்திய ஆண்டுகளுக்குப் போங்கள். தண்டவாளம் ஓடிய கோடு, புக்கிட் தீமா நிலையத்தில் அது இரண்டாகப் பிரிந்து சேர்ந்த இடம், சாலைகளை வெட்டிச்சென்ற ரயில்வே கேட்டுகள் எல்லாம் அதில் தெரியும். அந்தக் கோட்டின் மேல் நீங்களே ஒரு தடத்தை வரைந்து கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தேடலில் மிகவும் பயன்படப்போவது இந்தக் கோடுதான். ஏனென்றால் இன்றைய நடைபாதை சில இடங்களில் பழைய தடத்தைவிட்டுச் சற்றே விலகி, சாலையைக் கடக்க வசதியான பக்கமாக வளைகிறது. அங்கெல்லாம் உங்கள் கைப்பேசியில் உள்ள கோடு ஒரு பக்கம் போகும், கால் இன்னொரு பக்கம் போகும். அப்போது நின்று கோடு போகும் பக்கம் பாருங்கள். மண்மேடோ தடுப்புச்சுவரோ பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அதற்கும் முந்திய நிலவரைபடங்களைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று வரைபடத் தொகுப்பிலும் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத் தேடலிலும் பார்க்கலாம். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, ஆவணக் காப்பகத்திடமிருந்து உயர்தரப் படிகள் வேண்டுமானால் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும், அதற்கு நாள்களும் பிடிக்கும். நடைக்குத் திரையில் தெரியும் தரமே போதுமானது என்பதால் இதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

பழைய செய்தித்தாள்களுக்குத் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் தேடுங்கள். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உள்ளன. ஒரு எச்சரிக்கை: அச்சிலிருந்து எந்திரம் படித்தெடுத்த தமிழ் எழுத்துகளில் பிழை மிகுதி. "ரயில்" என்று ஒருமுறை தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். "இரயில்", "ரெயில்", "புகைவண்டி" என்று மாற்றி மாற்றித் தேடுங்கள், ஆண்டு வரம்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். சில இதழ்களை நூலகக் கணினியில் மட்டுமே திறக்க முடியும் என்பதால், அவை வேண்டுமென்றால் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும்.

3. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கான காகிதங்கள்

சிங்கப்பூரில் வசிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு முன்கூட்டியே விசா தேவை. அதற்கான அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக விண்ணப்பித்தால் அவர்களுடைய சேவைக் கட்டணம் தனி, அது முகவருக்கு முகவர் மாறுபடும். ஆகவே மொத்தத் தொகையைக் கேட்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசா விண்ணப்பப் படிவம் 14ஏ, வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த புகைப்படம், பயணச்சீட்டு, தங்குமிட விவரம் ஆகியவை அடிப்படை. பரிசீலனை சில வேலைநாள்களில் முடிவது வழக்கம் என்றாலும், விடுமுறைக் காலத்தில் விமானச்சீட்டை எடுத்துவிட்டு விசாவுக்குக் காத்திருப்பது நெஞ்சுவலி. இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு விண்ணப்பியுங்கள்.

விசாவுக்கு மேலாக, சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல இதற்குப் பணம் கேட்கின்றன. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் அதிகாரபூர்வத் தளத்திலோ செயலியிலோ மட்டும் நிரப்புங்கள்.

காரிடாரில் நடப்பதற்கு அனுமதிச்சீட்டோ பதிவோ நுழைவுக் கட்டணமோ கிடையாது.

4. நாளும் நேரமும்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ காலை 7 மணிக்கு உதித்து மாலை 7 மணிக்கு மறைகிறது. காட்டு உயிர்களுக்குத் தொந்தரவு ஆகக்கூடாது என்பதற்காகக் காரிடாரின் பெரும்பகுதியில் விளக்குகள் இல்லை. எனவே 7 மணிக்குத் தடத்தில் கால் வைத்து 11 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. நண்பகலுக்குப் பிறகு வெயில் ஒரு பக்கம், இடிமழை இன்னொரு பக்கம். இங்கே மின்னல் விளையாட்டல்ல. திறந்த மண்மேட்டிலோ இரும்புப் பாலத்திலோ நிற்கும்போது இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மைஎன்வி என்ற அரசுச் செயலியில் மழை மேகங்கள் நகர்வதை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் நாள் முழுதும் விடாமல் பெய்யும் மழை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் திடீரென்று காற்றோடு அடித்துவிட்டுப் போகும் மழை உண்டு. அது நின்றபின் தரை சொதசொதவென்று இருக்கும். மிச்சங்களைத் தேடும் வேலைக்குச் சனி, ஞாயிறு ஒத்துவராது. மிதிவண்டிக்காரர்களும் ஓட்டக்காரர்களும் நெருக்கியடிக்கும்போது ஒரு சிறுபாலத்தின் ஓரத்தில் குனிந்து பார்ப்பதற்குள் மூன்று பேர் மணி அடித்துவிடுவார்கள். வார நாள் காலையைத் தேர்ந்தெடுங்கள்.

21 கிலோமீட்டரையும் ஒரே நாளில் நடந்துவிடலாம், பலர் நடக்கிறார்கள். ஆனால் அது நடைப்பயிற்சி. தேடுவதற்கு வந்தவர்கள் மூன்று காலைப்பொழுதுகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதுவும் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வரிசையாகப் போகாமல், நடுப்பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் அடுத்த பகுதியில்.

5. முதல் காலை: புக்கிட் தீமா நிலையம் முதல் ஹில்வியூ வரை

காரிடாரின் நடுப்பகுதியான இந்த 4 கிலோமீட்டரில்தான் மிச்சங்கள் நெருக்கமாக உள்ளன. எது உண்மையான 1932ஆம் ஆண்டு வேலை என்று கண் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

எம்ஆர்டியின் டௌன்டவுன் பாதையில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்குங்கள். வெளியே வந்ததும் புக்கிட் தீமா ரோட்டையும் டனேர்ன் ரோட்டையும் ஒரே தாவலில் தாண்டி நிற்கும் இரும்புச் சட்டப் பாலம் தெரியும். உடனே மேலே ஏறிவிடாதீர்கள். கீழே சாலையோரத்தில் நின்று, பாலம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, இரும்புத் தகடுகள் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்று முதலில் பாருங்கள். வரிசை வரிசையாக உருண்டைத் தலை ரிவெட்டுகள் (தகடுகளை இணைக்க அடித்த தறையாணிகள்) தெரியும். இந்தத் தேடலில் மிகவும் நம்பகமான அடையாளம் அதுதான்: ரிவெட் அடித்த இரும்பு பழையது, போல்ட்டும் வெல்டிங்கும் கொண்ட கைப்பிடிகள், படிகள், தாங்கிகள் பூங்காவுக்காகப் பிற்பாடு சேர்த்தவை. பாலத்தின் மேலே ஏறினால் தண்டவாளமும் நடுவில் நடப்பதற்கான தளமும் இருக்கும்.

பாலத்திலிருந்து தெற்கே சற்று நடந்தால் புக்கிட் தீமா ரயில் நிலையம். 1932இல் கட்டப்பட்ட சிறிய செங்கல் கட்டடம். புதுப்பிக்கப்பட்டு 2022 ஜூலை 1 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே அவசரப்பட வேண்டாம். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் ரயில்கள் ஒன்றையொன்று கடப்பதற்காகவே அமைந்த கிராசிங் நிலையம் இது. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, பிறகு நடைமேடையில் ஏறி, ரயில் ஓட்டுநருக்கும் நிலைய அதிபருக்கும் இடையே டோக்கன் வளையம் எந்த இடத்தில் கைமாறியிருக்கும் என்று ஊகித்துப் பாருங்கள். பாதையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் என்பதற்கு உத்தரவாதம் அந்த டோக்கன்; 2011இல் பாதை மூடப்படும் வரையில் இங்கே அது கையால்தான் மாற்றப்பட்டது. மதுரை, திருச்சி பக்கத்து மீட்டர் கேஜ் நிலையங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பை விளக்கத் தேவையில்லை, பார்த்ததும் புரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறி உண்டு. நிலையத்தைச் சுற்றியுள்ள தோட்டத்திலும் உட்காரும் இடங்களிலும் ரயில்வேயை நினைவூட்டும் பல பொருள்களைப் புதிதாக வைத்திருக்கிறார்கள். துருப்பிடித்த நிறத்தில் நிற்பதெல்லாம் பழையதல்ல. அந்த நிறத்திலேயே விற்கும் இரும்புத் தகடு உண்டு, பூங்கா வடிவமைப்பாளர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். நிலையக் கட்டடம், நடைமேடை, தண்டவாளம், பாலங்கள் ஆகியவற்றை மட்டும் அசல் என்று குறித்துக்கொண்டு, மற்றவற்றை உறுதிப்படும் வரை சந்தேகத்தில் வையுங்கள். கழிவறை, தண்ணீர், பணியாளர் குடியிருப்பாக இருந்த கட்டடத்தில் உணவகம் ஆகியவை இங்கே உள்ளன. உணவகத்தின் விலை உணவங்காடி நிலைய (ஹாக்கர் சென்டர்) விலையைப்போல் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி திரும்பி, பாலத்தைக் கடந்து வடக்கே நடங்கள். இங்கிருந்து புக்கிட் தீமா இயற்கை வனத்தின் அடிவாரத்தை ஒட்டித் தடம் போகிறது. நிலத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ரயில் செங்குத்தாக ஏறாது, சட்டென்று திரும்பவும் திரும்பாது. மேடு வந்தால் வெட்டிக்கொண்டு போகும், பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி மேடாக்கிக்கொண்டு போகும். நீங்கள் நடக்கும் பாதையில் திடீரென்று படிகளோ கூர்மையான வளைவோ வந்தால், பழைய தடத்தைவிட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்று பொருள். இரு பக்கமும் சுவர்போல நிலம் உயரும் வெட்டுகளையும், இரு பக்கமும் சரிந்து இறங்கும் கரைகளையும் உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் போனாலும் மண்வேலை அப்படியே இருக்கிறது. ஒருவகையில் அந்தக் காலத்து உழைப்பின் பெரும்பங்கும் அதில்தான் இருக்கிறது. மலாயா ரயில்வேயின் தட வேலையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களும் நிலைய அலுவல்களில் யாழ்ப்பாணத்தவரும் நிறைந்திருந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கரைகளைப் பார்த்தால் பார்வை கொஞ்சம் மாறும்.

ஹிண்ட்ஹீட் டிரைவ் அருகே ஒரு கர்டர் பாலம் (இரும்பு உத்தரங்கள் தாங்கும் பாலம்) வரும். அளவில் சிறியது, ஆகவே பலர் பாலத்தைக் கடக்கிறோம் என்று தெரியாமலே கடந்துவிடுவார்கள். கீழே இறங்கிப் பார்க்க வழி இருந்தால் பாருங்கள். அதைத் தாண்டி மேலும் வடக்கே, ரயில் மால் கடைவரிசைக்கு அருகில், அப்பர் புக்கிட் தீமா ரோட்டின் மேல் இரண்டாவது இரும்புச் சட்டப் பாலம் நிற்கிறது. முதல் பாலத்தில் பழகிய கண்ணோடு இதைப் பார்த்தால் ஒற்றுமை வேற்றுமைகளை நீங்களே சொல்லிவிடுவீர்கள். ரயில் மாலில் காப்பி குடித்துவிட்டு, ஹியூம் நிலையத்திலோ ஹில்வியூ நிலையத்திலோ எம்ஆர்டி ஏறலாம். பழைய வரைபடங்களிலும் சில கையேடுகளிலும் ஹியூம் நிலையம் இருக்காது. அது 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது.

நின்று பார்த்து நடந்தால் இந்த 4 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம் ஆகும். வேகமாக முடிந்துவிட்டதென்றால் எதையோ தவறவிட்டீர்கள்.

6. இரண்டாம் காலை: தெற்கே ஸ்பூனர் ரோடு வரை

புக்கிட் தீமா நிலையத்திலிருந்து ஸ்பூனர் ரோடு வரை 10 கிலோமீட்டர். இங்கே எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தென்பகுதியின் அடியில் பொதுப் பயனீட்டுக் கழகம் நகருக்குப் பெரிய குடிநீர்க் குழாய் பதித்திருக்கிறது. அதற்காகத் தரை தோண்டப்பட்டு மீண்டும் நிரப்பப்பட்டதால், காலடியில் கிடக்கும் ஜல்லியைப் பார்த்து ரயில்வே ஜல்லி என்று பரவசப்பட முடியாது. பார்க்க வேண்டியது தரையை அல்ல, ஓரங்களை: தடுப்புச்சுவர், சிறுபாலம், வடிகால், சாலைகள் தடத்தின் மேலே பாலமாகப் போகும் இடங்கள்.

புவன விஸ்தா அருகே காமன்வெல்த் அவென்யூவின் கீழே தடம் நுழையும் சுரங்கப்பாதையின் சுவர்களில் வண்ண ஓவியங்கள் இருக்கும். படம் எடுக்க எல்லோரும் அங்கே நிற்பார்கள். நீங்கள் சுவரின் வயதைப் பார்த்துவிட்டு நகருங்கள்.

அதைத் தாண்டியதும் தடத்தைவிட்டுச் சற்று விலகி, காமன்வெல்த் டிரைவிலுள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோவிலுக்குப் போய் வரும்படி சொல்வேன். தரையில் இருக்கும் இரும்பைவிட இது வலுவான ரயில்வே மிச்சம். 1930களில் குவீன்ஸ்வே பகுதியில் ரயில் பாதையோரம் ரயில்வே தொழிலாளர்கள் வைத்து வழிபட்ட சிறு குடிசைக் கோவில்தான் வளர்ந்து, இடம் மாறி, 1998இல் இப்போதைய இடத்தில் குடமுழுக்குக் கண்டது. நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே போக வேண்டும். நடைக்கான அரைக்கால் சட்டையோடு கோவிலுக்குள் போக நேராமல் உடையைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

அலெக்சாண்ட்ரா பக்கம் வந்தால் ஏபிசி பிரிக்வொர்க்ஸ் உணவங்காடி நிலையத்தில் சாப்பிடலாம். பிறகு ஸ்பூனர் ரோட்டில் தடம் முடிகிறது. அங்கே ரயில்வே பணியாளர்கள் வசித்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் உள்ளன. கம்போங் பாரு ரோட்டுக்கு வந்தால் பேருந்து கிடைக்கும்.

அங்கிருந்து தஞ்சோங் பகார் நிலையம் கூப்பிடு தூரம்தான், ஆனால் தடம் அதுவரை போகாது. 1932இல் திறக்கப்பட்ட அந்த நிலையம் 2011இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிறகு வட்டப் பாதை எம்ஆர்டியின் 6ஆம் கட்டக் கட்டுமானத்துக்காக மூடப்பட்டது. உள்ளே போக முடியுமா என்பதைப் புறப்படும் முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அறிவிப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டாலும் கெப்பல் ரோட்டுப் பக்கத்திலிருந்து முகப்பைப் பார்க்கப் போகலாம்: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகளைத் தேடுங்கள். வேலியைத் தாண்டி நுழையலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

7. மூன்றாம் காலை: ஹில்வியூவிலிருந்து கிராஞ்சி வரை

ஏறத்தாழ 7 கிலோமீட்டர். நிழல் குறைவு, இரும்பு மிச்சம் அதைவிடக் குறைவு. இங்கே தேட வேண்டியவை ரயில்வே கேட்டுகள் இருந்த இடங்கள். காம்பாக் டிரைவ், சுவா சூ காங் ரோடு, கிராஞ்சி ரோடு போன்ற சாலைகளில் ரயிலுக்காக வாகனங்கள் நின்றன. பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படம் எடுத்தவர் எங்கே நின்றிருப்பார் என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பகுதியின் சுவை. படம் இல்லாமல் வந்தால் இந்த நடை சலிப்பூட்டும். நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்தப் பகுதியைத்தான் விட வேண்டும்.

8. ஜூரோங் கிளை: பழகியவர்களுக்கு மட்டும்

1990களில் கைவிடப்பட்ட இந்தச் சரக்குப் பாதையில்தான் சீர்செய்யப்படாத மிச்சங்கள் இருக்கின்றன. சன்செட் வே சாலையின் மேலும் உலு பாண்டான் கால்வாயின் மேலும் நிற்கும் ரயில் பாலங்களைச் சாதாரண நடைபாதைகளிலிருந்தே எந்தச் சிக்கலும் இல்லாமல் பார்க்கலாம். புதியவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கிளமெண்டி ரோட்டின் அடியிலுள்ள பழைய சுரங்கத்தின் படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் அங்கே போக ஆசைப்படுகிறார்கள். மழைக்குப் பின் அங்கே சேறும் நீரும் தேங்கும், காட்டுக்குள் தடம் மாறிவிடும், கைப்பேசியின் திசைகாட்டலை நம்பவும் முடியாது. மேலும் இந்தப் பக்கத்து நிலங்களில் எங்கே நடக்க அனுமதி என்பது அவ்வப்போது மாறுகிறது. "அரசு நிலம், நுழையக் கூடாது" என்ற பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தேசியப் பூங்காக் கழகம் திறந்துவைத்துள்ள பாதைகள் எவை என்று பார்த்து, தனியாகப் போகாமல், முன்பு போய் வந்தவரோடு போங்கள்.

9. அபராதம் கட்டாமலிருக்க

குரங்குகள் வழியில் வரும். உணவு கொடுக்கக் கூடாது. காட்டு உயிர்களுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம், முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாமல் எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்துவிட்டால் அவையும் நம்மைப் பொருட்படுத்தாது.

பழைய ஆணி, ஜல்லி, கட்டைத் துண்டு எதையும் எடுத்துவர வேண்டாம். படம் எடுத்து, இடக்குறியீட்டோடு சேமித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவு தெரிய ஒரு பேனாவையோ நாணயத்தையோ பக்கத்தில் வைத்தால் பிற்பாடு ஒப்பிட உதவும். புகைபிடிக்க அனுமதி இல்லை.

வாடகை மிதிவண்டியில் வருபவர்களுக்கு: அதைக் க்யூஆர் குறியீடு உள்ள நிறுத்தத்தில்தான் முடிக்க வேண்டும், இல்லையென்றால் 5 வெள்ளி கூடுதலாகப் பிடிப்பார்கள். தடத்தின் நடுவே அத்தகைய நிறுத்தம் கிடைப்பது அரிது. பாலங்களின் மேல் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டிய இடங்களும் உண்டு. தேடல் வேலைக்கு மிதிவண்டி பொருந்தாது என்பது என் எண்ணம்.

10. செலவுக் கணக்கு

உள்ளூர்ச் செலவு மிகக் குறைவு. எம்ஆர்டியில் ஒருவழிக் கட்டணம் பொதுவாக 3 வெள்ளியைத் தாண்டாது. வங்கி அட்டையையே வாசலில் தட்டிப் போகலாம். ஆனால் வெளிநாட்டு அட்டைகளுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் சேரும், உங்கள் வங்கியும் நாணய மாற்றுக்குத் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதிக நாள் தங்குபவர்கள் முன்பணம் ஏற்றும் பயண அட்டையான இஸி-லிங்க்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உணவங்காடி நிலையத்தில் ஒரு வேளைச் சாப்பாடு 4 முதல் 6 வெள்ளி. தண்ணீர் வாங்க வேண்டியதில்லை, குழாய் நீரையே குடிக்கலாம். ஆனால் தடத்தில் குழாய்கள் தொலைதூரத்தில் இருப்பதால் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது எம்ஆர்டி நிலையத்தைவிட்டுப் புறப்படும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

11. இன்னும் ஓடும் துண்டைப் பார்க்க விரும்பினால்

இந்தப் பாதையின் வடமுனையில் ஒரு சிறு துண்டு பூங்காவாகவில்லை. உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச்சாவடிக்கும் ஜோகூர் பாருவுக்கும் இடையே, கடற்பாலத்தின் மேல், தெப்ராவ் என்ற ரயில் சில நிமிடப் பயணமாக ஓடிவந்திருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து போகக் கட்டணம் 5 வெள்ளி, அங்கிருந்து திரும்ப 5 ரிங்கிட்.  நெரிசல் நேரச் சீட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஆர்டிஎஸ் என்ற புதிய எல்லை ரயில் வந்தபின் இந்தச் சேவை நிறுத்தப்படும் என்பதால், பயணத் தேதியில் அது ஓடுகிறதா என்று மலேசிய ரயில்வேயின் தளத்தில் பார்த்த பிறகே திட்டமிடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் இதில் ஏறும் முன் தங்கள் சிங்கப்பூர் விசாவை எடுத்துப் பார்க்க வேண்டும். அது ஒருமுறை நுழைவுக்கானது என்றால், ஜோகூர் போனதும் அது முடிந்துவிடும். திரும்பி வர முடியாது. பலமுறை நுழைவு என்று அச்சிட்டிருந்தால் மட்டும் போகலாம். அப்போதும் மலேசியாவின் நுழைவு விதிகளையும் அதன் மின்னிலக்க வருகை அட்டையையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டையையும் புதிதாக நிரப்ப வேண்டும்.